பதினாலு பல்லா, பதினைந்து பல்லா

அரிவாள்மனையில் ஒரு கீறல், கட்டைவிரலால் ஒரு நெம்பல், புளியங்கொட்டை தெறித்துத் தட்டில் விழுகிறது. நார் ஒரு பக்கம், சதை ஒரு பக்கம். மறுபடி ஒரு கீறல். சுத்தியால் தட்டினால் சீக்கிரம் ஆகும், ஆனால் அந்தச் சத்தத்துக்கு மகிழினி எழுந்துகொள்வாள், ஒன்றரை வயசுப் பிள்ளைக்கு எதுதான் சத்தமில்லை. தூளியிலிருந்து தொங்கும் கயிற்றை நீட்டிய காலின் பெருவிரலில் மாட்டியிருக்கிறேன், கால் பாட்டுக்கு இழுக்கிறது, விடுகிறது. எதிரே சுவரில் சாய்த்து வைத்த போன் மறுபடி கறுத்துப் போய்விட்டது. அதைத் தொட்டு எழுப்ப ஒரு சுத்தமான விரல் வேண்டும், சுண்டுவிரல் ஒன்றுதான் மிச்சம், அதன் பக்கவாட்டால் தட்டுகிறேன், வெளிச்சம் வருகிறது. இரண்டு படம். காலையில் ஷிப்டுக்குக் கிளம்பும்போது அவர் அனுப்பிவிட்டுப் போனது. முதல் படத்தில் பைக்குக்கு மாட்டுகிற கறுப்புச் செயின், பக்கத்தில் பல்சக்கரம் இரண்டு, சின்னது முன்னாடி எஞ்சினுக்கு, பெரிசு பின் சக்கரத்துக்கு. பல் கணக்கு 14, 42 என்று எழுதியிருக்கிறது. இரண்டாம் படத்தில் செயின் தங்க நிறம், வெயிலில் வைத்து எடுத்திருப்பார்கள் போல, கண் கூசுகிறது. 15, 42. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுவேன், ரெண்டுல எதுன்னு சொல்லு, மூணு மணிக்குள்ள சொன்னாத்தான் பெங்களூர்க் கடைக்காரன் இன்னைக்கே பஸ்ஸுல போட்டு விடுவான் என்றார். கம்பெனிக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள், வாசலிலேயே லாக்கரில் வாங்கி வைத்துவிட்டு சாப்பாட்டு நேரத்தில்தான் தருவார்கள், அதனால் பன்னிரண்டரை வரைக்கும் அவர் கூப்பிட முடியாது, நானும் கூப்பிட முடியாது. இப்போது பத்தே முக்கால். நிறைய நேரம் இருக்கிறது. நேரம் நிறைய இருப்பதுதான் தொந்தரவு.

எதற்கும் அவர் என்னிடம் இப்படித்தான் கேட்பார். இரண்டு விரலை நீட்டி, இதா இதா, தொடு என்பார். பெண் பார்க்க வந்த அன்றைக்கு, தனியாகப் பேசுங்கள் என்று எங்களை மாடியில் விட்டுவிட்டுப் போனார்கள். பத்து நிமிஷம் நான் துணி காயும் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் இருமினார், மொட்டை மாடியின் தண்ணீர்த் தொட்டியைத் தட்டிப் பார்த்தார், கடைசியில் இரண்டு விரலை நீட்டி, இந்த விரலு சரி, இந்த விரலு வேணாம், ஒண்ணத் தொட்டா போதும், வாயத் தொறக்க வேண்டாம் என்றார். தொட்டேன். அன்றிலிருந்து சட்டைத் துணி, சமையல் அடுப்பு, பிள்ளைக்குப் பேர், எல்லாம் விரல்தான். மகிழினி என்பது நடுவிரல். அந்த ஒன்றுக்காகவே இந்த மனுஷனைப் பிடிக்கும், நாலு பேர் இருக்கும் இடத்தில் என்னைப் பேச வைக்க மாட்டார். லோகநாதன் பொண்டாட்டிக்கு வாயே இல்லையா என்று அவருடைய கூட்டாளிகள் கேட்டால், இருக்குது, எனக்கு மட்டும் தனியா என்பார். ஆனால் போனில் விரலைத் தொட முடியாது. இன்றைக்கு வாயால்தான் சொல்லியாக வேண்டும், ஒன்று இல்லாவிட்டால் இரண்டு. அதைச் சொல்லுவதொன்றும் பெரிசில்லை. இதில் எனக்குத் தெரியாத சங்கதியும் இல்லை, அதுதான் வேடிக்கை. கல்யாணத்துக்கு முன்னாடி மூன்று வருஷம் பொம்மசந்திரா பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் தைத்தேன், எட்டாவதோடு நின்றவளுக்கு அதுதான் காலேஜ். ஒரு தடவை உற்பத்தி போதவில்லை என்று எங்கள் வரிசை மிஷின்களில் மோட்டாரில் பெல்ட் ஓடும் புல்லிச் சக்கரத்தைப் பெரிசாக மாற்றினார்கள். ஒற்றைத் துணியில் மிஷின் பறந்தது. ஜீன்ஸ் கால் மடிப்பு வந்ததும், நாலு மடிப்புத் துணி, ம்ம்ம் என்று முனகிக்கொண்டு நின்றுவிட்டது. கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டுச் சுற்றிவிட்டுத் தைத்தோம். வண்டியும் அதேதான். முன்னாடி ஒரு பல் கூடினால் சமதரையில் பறக்கும், மலையில் முனகும். பதினைந்து பல் அவருக்கும் கூட்டாளிகளுக்கும், ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரி ரோட்டில் குனிந்து படுத்துக்கொண்டு போவதற்கு. பதினாலு பல் மூன்று பேருக்கு, அஞ்செட்டி மலையேறி எங்கள் அம்மா வீட்டுக்குப் போவதற்கு. நடுவில் பிள்ளை, பின்னாடி நான், என் தோளில் பை. இதை அவரிடம் இதுவரை சொன்னதில்லை. சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்பார், கார்மென்ட்ஸ் கதையை முழுசாகச் சொல்ல வேண்டி வரும், அந்தக் கதைக்குள் எனக்குப் பிடிக்காத ஒரு இடம் இருக்கிறது, அங்கே போக வேண்டாம் என்று நிறுத்திக்கொள்வேன்.

ஒரு கீறல், ஒரு நெம்பல். இந்த வருஷப் புளி நல்ல சதைப்பிடிப்பு. ஜெயம்மாக்கா நிலத்துப் புளி. ஜெயம்மாக்கா எங்கள் தெருமுனை மெக்கானிக் முனிராஜண்ணன் சம்சாரம். தை மாசமே பத்து கிலோ சொல்லி வைத்திருந்தேன். நடுவில் அண்ணனுக்கும் இவருக்கும் சண்டை வந்துவிட்டது, இனி எங்கே தரப்போகிறது என்று நினைத்தேன். முந்தாநாள் இடுப்பில் மூட்டையை வைத்துக்கொண்டு மாடி ஏறி வந்து தொப்பென்று போட்டது. நான் கதவுக்குப் பின்னாடி பாதி நின்றேன். "இன்னாத்துக்கு ஒளியற? சண்ட போட்டுக்கினது ஆம்பளைங்க. புளி சொன்னது நீ. எட போட்டுப் பாத்துக்க, பத்துக்கு மேல ஒரு கை இருக்கும், கொறையாது." தண்ணீர் கொடுத்தேன். சொம்பை அண்ணாந்து குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டே, "உங்க வீட்டுக்காரரு கெட்டவரு இல்ல, எனக்குத் தெரியும். எங்க வீட்டுக்காரரு நாலு நாளா சரியா சாப்புடல, அதான் எனக்குக் கஷ்டம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டது. நாலு நாள் என்று அக்கா சொன்னது முந்தாநாள். இன்றைக்கு ஆறு. சண்டை போன வியாழக்கிழமை சாயங்காலம் நடந்தது. எங்கள் வீட்டுக்காரர் வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளிக்கொண்டே அண்ணன் கடைக்குப் போனார், நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட் பக்கம் நின்றேன், கேட்டிலிருந்து கடை பத்தடி. ஆடி மாசம் அங்கே மாட்டின செயினும் பல்சக்கரமும் சேர்ந்த செட்டு. ஒரு வருஷம் ரெண்டு வருஷம் வர வேண்டியது, ஆறு மாசத்தில் செயின் கணுக்கணுவாக இறுகி, துரு பிடித்து, சக்கரத்தின் பல்லெல்லாம் பூனை நகம் மாதிரி வளைந்துவிட்டது. "டூப்ளிகேட்டுண்ணா இது. பெங்களூர்ல காட்டிட்டேன். ஒரு ரிங்குகூட இல்லியாம் உள்ள. ஓ ரிங் செயின்னு சொல்லித்தான குடுத்தீங்க?" என்றார் இவர். முனிராஜண்ணன் குத்தவைத்து உட்கார்ந்து, செயினை விரலால் தூக்கித் தூக்கிப் பார்த்தார். அவருக்குக் கோபமே வரவில்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. "ரிங்கு இருந்துச்சு தம்பி. இதோ பாரு, ஒண்ணு ரெண்டு எடத்துல பிசுறு ஒட்டிக்கினு கீது. ஒவ்வொரு கணுவுலயும் ஒரு ரப்பர் வளையம், உள்ள கிரீஸ நிறுத்தி வைக்கறதுக்கு. வளையம் போச்சுன்னா கிரீஸ் போச்சு, கிரீஸ் போச்சுன்னா செயின் போச்சு. தானா போவாது. கம்பி பிரஷு போட்டியா? ஆசிட்டு கீசிட்டு பட்டுதா? எதுல கழுவுன?" "நான் எங்கண்ணா கழுவறேன், ஸ்ப்ரே அடிக்கறதோட சரி." அவர் சொன்னது சத்தியம். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் சத்தியத்தைச் சொன்னால் அது எதிராளிக்கு எப்படி விழும். "அப்ப நான் ஏமாத்தினேன்றியா?" "நான் சொல்லலண்ணா, செயின் சொல்லுது." பத்தடி தூரம். மகிழினி என் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள், அது வலித்தது, அந்த வலி எனக்கு வேண்டியிருந்தது.

ஏனென்றால் கழுவியது நான். ஆயுத பூஜைக்கு. கம்பெனியில் பூஜை, பொரி, சுண்டல் என்று அவர் காலையிலேயே போய்விட்டார், பத்து மணிக்கு மேல் வந்து வீட்டில் கும்பிடலாம் என்றார். வண்டி கீழே நின்றது. கண்ணாடி, டேங்க் எல்லாம் துணியால் துடைத்துவிட்டேன், பளபளவென்று இருக்கிறது, செயின் மட்டும் கரேல் என்று கரி அப்பின மாதிரி. சாமி படத்துக்கு முன்னாடி வைக்கிற குத்துவிளக்கையும் செம்பையும் தேய்க்கப் புளி கரைத்து வைத்திருந்தேன். மிச்சம் இருந்தது. இரும்பென்ன பித்தளையென்ன, அழுக்கு அழுக்குதானே. புளியைச் செயினில் அப்பினேன், விளக்குக்கு விடுகிற மாதிரி அரைமணி நேரம் ஊற விட்டேன், பாத்திரம் தேய்க்கிற பவுடரைத் தூவி கம்பி நாரால் தேய்த்தேன், சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, ஒரு கணு விடாமல். நூற்றுச் சொச்சம் கணு. விரல் நுனியெல்லாம் வெந்துபோனது. தண்ணீரை அடித்துக் கழுவினதும் சேமியாத் துண்டு மாதிரி கறுப்புக் கறுப்பாக என்னமோ தரையில் ஓடியது. அழுக்கு உரிகிறது என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். துடைப்பத்தால் தள்ளிச் சாக்கடையில் விட்டேன். செயின் வெள்ளி அரைஞாண் மாதிரி இருந்தது. சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன், பெரிய சக்கரத்துக்கு நாலு பக்கமும் சாமந்திப் பூ செருகினேன். அவர் வந்து பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார். "ஏய், யாரு இது? ஷோரூம்ல இருந்து இப்பத்தான் வந்தாப்ல இருக்குது!" போட்டோ எடுத்தார், ஸ்டேட்டஸில் வைத்தார், என் வீட்டுக்காரி கைவண்ணம் என்று எழுதினார். துணியிலயா இப்படித் தொடச்ச என்று கேட்டார். நான் ம் என்றேன். எதற்கு அந்த ம். அப்போது பொய் சொல்லக் காரணமே இல்லை, புளி என்று சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பார். பேச்சு நீளும், இன்னும் நாலு வார்த்தை பேச வேண்டி வரும் என்கிற கூச்சத்துக்குத்தான் அந்த ம். என் வாழ்க்கையில் பாதி ம் அப்படித்தான். ஐப்பசி மழை வந்தது, செயின் கீச் கீச் என்றது. கார்த்திகையில் டக் டக் என்றது. அவர் ஸ்ப்ரே அடித்தார், அடித்தார். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை, சத்தியமாக, போன வியாழக்கிழமை முனிராஜண்ணன் ரப்பர் வளையம் என்ற வார்த்தையைச் சொல்கிற வரைக்கும். அந்த நொடியில் அந்தச் சேமியாத் துண்டெல்லாம் சாக்கடையிலிருந்து எழுந்து என் கண்ணுக்கு முன்னாடி வந்து நின்றது.

தூளி நின்றுவிட்டது, கால் மறந்துவிட்டது. இழு. அவள் முனகி, மறுபடி அடங்குகிறாள். தட்டில் கொட்டை நிறைந்துவிட்டது, சாணி உருண்டை மாதிரி சதை ஒரு பக்கம் சேர்கிறது, இதற்குக் கல்லுப்பு போட்டுப் பிசைந்து டப்பாவில் அடைத்தால் அடுத்த மாசி வரைக்கும் கவலையில்லை. கைக்குப் புளி வாசம் வந்துவிட்டது, இன்றைக்கு முழுக்கப் போகாது. இந்த வாசத்தோடு எப்படிப் பொய் சொல்வது, அல்லது சொல்லாமல் இருப்பது. போன மாசம் அம்மா வீட்டுக்குப் போகும்போது அஞ்செட்டி மலை மூன்றாவது வளைவில் வண்டி ஒரு குதி குதித்தது. டடக் என்று கீழே ஒரு சத்தம், வண்டி ஒரு நொடி பிடி விட்டு, மறுபடி பிடித்தது. மகிழினி தலை அவர் முதுகில் மோதிச் சிரித்தாள், இன்னொரு தடவை பண்ணச் சொல்லி எம்பினாள். செயின் பல் தாண்டுது என்றார் அவர். அறுந்தா என்னாகும் என்று கேட்க நினைத்து, காற்றில் கேட்காது என்று கேட்கவில்லை. பிறகு முனிராஜண்ணன் சொன்னதில் தெரிந்துகொண்டேன், அறுந்த செயின் சில சமயம் சக்கரத்துக்குள்ளே சுருண்டு போய் மாட்டிக்கொள்ளும், சக்கரம் அப்படியே நின்றுவிடும். அந்த வளைவில் வலது பக்கம் வெறும் மூங்கில்தான், தடுப்புச் சுவர் கிடையாது. என் புளி. என் கம்பி நார். என் சந்தோஷம். இதை யோசிக்காதே, எதுவும் ஆகவில்லை, பிள்ளை இதோ தூளியில், மூச்சு விடுகிறாள், சேலை அசைகிறது. சரி. ஆனால் முனிராஜண்ணனுக்கு ஆகப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை லோகேஷ் வந்தான், இவரோடு வேலை செய்கிறவன், இவர்கள் வண்டிக் கூட்டத்துக்கு அவன்தான் தலைவன் மாதிரி. செயினைக் கையில் பிடித்துக் காட்டி, இந்தக் கடை, இந்த போர்டு, எல்லாரும் உஷார் என்று வீடியோ எடுத்தார்கள். அதைப் போடப்போவது எண்ணூறு பேர் இருக்கிற போன் குரூப்பிலாம், ஓசூரில் வண்டி வைத்திருக்கிற பையன்கள் முக்கால்வாசி அதில்தானாம். புது செட் எது என்று முடிவானதும் அந்தப் படத்தையும் சேர்த்துப் போடுவார்களாம், இன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில். தங்க நிறத்தைச் சொன்னதும் அவன்தான். "சிஸ்டர், கோவிச்சுக்காதீங்க, மொதல்ல வண்டிக்குத் தங்கச் செயின், அப்புறம் உங்களுக்கு." "அவ கேக்க மாட்டாடா" என்றார் இவர், பெருமையாக. அவ கேக்க மாட்டா. அவ சொல்ல மாட்டா. டீ தம்ளரை எடுத்துக்கொண்டு நான் உள்ளே போய்விட்டேன். கார்மென்ட்ஸிலும் அப்படித்தான். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் பொறுக்கி நோட்டில் டேப் போட்டு ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி தருவார்கள், துண்டு துணியில் இருந்து குழந்தைகளைக் குத்திவிடும் என்று. ஒரு தடவை என் ஊசியின் நுனி கிடைக்கவில்லை. பயத்தில் பழைய நுனி ஒன்றை வைத்து ஒட்டிக் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் ஒரு கால்சட்டை மடிப்பில் இரும்பு கண்டுபிடிக்கிற மிஷின் கத்தியது, அந்தத் துணி அப்போது என் வரிசையில் தைத்த சுமித்ரா கையில் இருந்தது. இரண்டு மணி நேரம் அவளை நிற்க வைத்தார்கள். அவள் அழவில்லை, என்னையும் பார்க்கவில்லை, தரையில் இருந்த மஞ்சள் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரத்திலிருந்து அவள் வரவில்லை. வேறு கம்பெனியில் நல்ல சம்பளம் கிடைத்திருக்கும். கிடைத்திருக்கலாம். அங்கேதான் போக வேண்டாம் என்றேன், வந்துவிட்டேன்.

எப்படிச் சொல்வது. ஏங்க, ஒரு விஷயம். வேண்டாம், விஷயம் என்றாலே பயந்துவிடுவார், பிள்ளைக்கு என்னாச்சு என்பார். ஏங்க, செயின் டூப்ளிகேட் இல்ல. உனக்கு எப்படித் தெரியும் என்பார். ஏங்க, ஆயுத பூஜை அன்னைக்கு. அன்னைக்கு என்ன. அன்னைக்கு நான் ம் சொன்னேனே, அது. இப்படியே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கும்போது போன் அதிர்ந்து சுவரிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்து நகர ஆரம்பித்துவிட்டது. பன்னிரண்டே கால்தான் ஆகிறது, இன்றைக்குச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள் போல, கால்மணி நேரம் முந்திவிட்டார், இன்னும் நான் வார்த்தையை அடுக்கவில்லை. சுண்டுவிரலால் தள்ளினேன், ஒலிபெருக்கியை அழுத்தினேன். பின்னாடி தட்டுகள் மோதுகிற சத்தம், கேன்டீன். "சாப்டியா? பாப்பா தூங்குதா? சரி சொல்லு, ஒண்ணா ரெண்டா?" நான் மூச்சை இழுத்தேன். லோகேஷ் குரல் தூரத்திலிருந்து, "சிஸ்டர், கோல்டுக்கு ஓட்டுப் போடுங்க!" "டேய் சும்மா இரு, அவ பேசமாட்டா. ஏய், ஒண்ணுன்னா ஒரு ம், ரெண்டுன்னா ரெண்டு ம். அவ்ளோதான்." எனக்காகத்தான் வழி பண்ணிக் கொடுக்கிறார், எப்போதும் போல. ஒரு ம் போதும், பதினாலு பல் வந்துவிடும், எனக்கு வேண்டியதும் அதுதான், பிள்ளைக்கும் நல்லது, வாயைத் திறக்கவே வேண்டாம். அந்த ம் தொண்டை வரை வந்துவிட்டது. "முனிராஜண்ணன் செயின் நல்ல செயின்தாங்க" என்றேன். "என்ன?" "டூப்ளிகேட் இல்ல. நான்தான் கழுவினேன். ஆயுத பூஜைக்கு. துணியில இல்ல. புளியில." "புளியா?" "விளக்குத் தேய்க்கற மாதிரி. ஊறவெச்சு. கம்பி நாரப் போட்டு. கறுப்பா துண்டு துண்டா வந்துச்சு, அழுக்குன்னு நெனச்சு சாக்கடையில தள்ளிட்டேன். அதான் ரிங்கு." ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை அவரிடம் நான் பேசினது பிரசவ வலியில்தான் இருக்கும். "எவ்ளோ நேரம் ஊற வெச்ச?" என்று கேட்டார், அதைத் தெரிந்து என்ன செய்யப் போகிறாரோ. "அரமணி நேரம்." "கடவுளே" என்றார், மெதுவாக. கோபமா என்று தெரியவில்லை. "வியாழக்கிழமை நீ கேட்டாண்டதான நின்ன?" "நின்னேன்." "கேட்டுக்கிட்டுதான நின்ன?" "ம்." அந்த இரண்டு கேள்விதான் அவர் என்னைத் திட்டினது, அதற்கு மேல் அவருக்குத் திட்டத் தெரியாது. "வீடியோவ போடாதீங்க" என்றேன். "காலையில உள்ள வர்றதுக்கு முன்னாடியே போட்டுட்டான் லோகேஷு." போனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். "எத்தன பேரு பாத்தாங்க?" "இரு. டேய், அத எடு. எடுன்னா எடு, அப்புறம் சொல்றேன். இல்ல, இப்பவே சொல்றேன், தப்பு எங்க வீட்டோடது." கேன்டீனில் அத்தனை பேருக்கு நடுவில் அதைச் சத்தமாகச் சொன்னார். பிறகு என்னிடம், "எடுத்துட்டான். ஆனா எறநூத்திச் சொச்சம் பேரு பாத்தாச்சு. நான் குரூப்புல மன்னிப்புக் கேட்டு எழுதறேன். முனிராஜண்ணன் மூஞ்சிய எப்படிப் பாக்கறது? சாயங்காலம் நான் போயி..." "நான் போறேன்" என்றேன். யார் சொன்னது என்று நானே திரும்பிப் பார்க்கிற மாதிரி இருந்தது. "நீயா? கடைக்கா? ஆம்பளைங்க நிப்பாங்க." "இருக்கட்டும்." "சரி. பெங்களூர்காரனுக்கு என்ன சொல்ல?" என்றார். "எதுவும் வேணாம். அண்ணன்கிட்டயே கேப்போம், பதினாலு பல்லு." "அவரு இனிமே நம்ம வண்டியத் தொடுவாராடி?" மணி அடித்தது, லாக்கர் மூடப்போகிறார்கள், வைத்துவிட்டார்.

மீதிப் புளி இன்னும் கால் மூட்டை இருக்கிறது. எழுந்து போகாமல் மறுபடி கீறிக்கொண்டிருக்கிறேன், ஒரு கீறல், ஒரு நெம்பல், இதை முடித்துவிட்டுப் போகலாம், இல்லை பிள்ளை எழுந்ததும் தூக்கிக்கொண்டு போகலாம், பிள்ளை இடுப்பில் இருந்தால் தைரியமாக இருக்கும். இல்லை, அது தப்பு, பிள்ளையைக் காட்டி மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஆகிவிடும். தனியாகத்தான் போக வேண்டும். கடையில் இந்த நேரத்துக்கு இரண்டு மூன்று பேர் டயர் மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் முன்னாடி சொன்னால்தான் சரி, வியாழக்கிழமையும் அவர்கள் முன்னாடிதான் அண்ணனுக்கு அவமானமானது. வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டித் தட்டில் விழுகிறது, கொட்டையெல்லாம் பளபளக்கிறது. அண்ணன் எங்கள் வண்டியைத் தொடமாட்டேன் என்று சொல்லலாம். சொல்ல உரிமை இருக்கிறது. அப்போதும் நான் சொன்னது சொன்னதுதான், செயினுக்காகச் சொல்லவில்லை. சிரித்தால்? புளியில யாராவது செயினு கழுவுவாங்களா என்று தெருவே சிரித்தால்? சிரிக்கட்டும், சிரிப்பதற்கு அது நல்ல கதைதான், அவர் ஏமாற்றினார் என்கிற கதையைவிட. இந்தத் தடவையும் வளையம் வைத்ததே கேட்கலாம். வளையம் வேண்டாம், சாதாச் செயின் போதும், எனக்குப் பயமாக இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது, எப்படிக் கழுவுவது என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டால் போயிற்று, மண்ணெண்ணெயா, வேறு எதுவா, எந்தத் துணி, எந்த பிரஷ், அதன் பிறகு மாசம் ஒரு தடவை நானே. முதலில் என்ன சொல்வது. பேரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அண்ணா. அண்ணா, வியாழக்கிழமை நான் அங்கதான் நின்னேன். இல்லை, அதற்கும் முன்னாடி. கீழே கேட் கொக்கி இழுபடுகிறது. யாரோ இரண்டு தடவை இருமுகிறார்கள். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், காக்கிச் சட்டை, ஒரு கையில் போனை நீட்டிப் பிடித்தபடி, இன்னொரு கையில் கிரீஸ் துணி, முனிராஜண்ணன், தனியாக, கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்திருக்கிறார். யார் காட்டினார்களோ, அந்த வீடியோவைப் பார்த்துவிட்டார். "யாரும்மா வீட்ல? தம்பி இல்லியா? அம்மா வெண்ணிலா, கொஞ்சம் கீழ வரியா?" என்கிறார், அப்போதும் குரலை உயர்த்தவில்லை. இதோ வரேண்ணா என்கிறேன், சத்தமாக, மகிழினி திடுக்கிட்டு அசைகிற அளவுக்குச் சத்தமாக, பெருவிரலிலிருந்து கயிற்றை அவிழ்த்து, கையைக்கூடக் கழுவாமல், படி இறங்கும்போது முதல் படிக்கு அண்ணா, இரண்டாவது படிக்கு தப்பு உங்க மேல இல்ல, மூன்றாவது படிக்கு நான்தான், ஆயுத பூஜை அன்னைக்கு நான்தான் உங்க செயினப் புளி போட்டுத் தேய்ச்சேன் என்று சொல்லிக்கொண்டே இறங்குகிறேன்.